மூவரும் ஒருவரே

ஞாயிறு ராத்திரி
எழுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் நாலு நிமிஷம் கத்திவிட்டு
அதுவும் படுத்தது.
திரும்ப வந்தபோது கறுப்புத் திரை.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
இமைத்துக்கொண்டிருந்தது,
எதையோ கேட்க வந்து மறந்தவர் மாதிரி.

தப்பு என்னுடையதுதான்.
பதினோரு மாசமாய்
'இப்போதா, பிறகா' என்று கேட்ட பெட்டியை
பிறகு பிறகு என்றே அனுப்பிவந்தேன்,
தவணைக்காரனை அனுப்புவதுபோல.
அன்றைக்கு மழை. கடையில் ஆளில்லை.
'இப்போது' என்று அழுத்திவிட்டேன்.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்து.
ஆறடிக்கு எட்டடி.
ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
திங்கள் பத்தரைக்கு
குமாஸ்தா ஏகாம்பரம் வந்து
டீ கிளாஸை பிரின்டர் மேல் வைத்தார்.
'கஜலட்சுமி அபிடவிட் ரெடியாம்மா ஸ்டெல்லா?'
'உள்ள இருக்கு சார்.'
'எதுக்குள்ள?'
காட்டினேன்.
கோடு இமைத்தது.

அரைநாள் லீவு சொல்லி வந்த கஜலட்சுமி
மடியில் பிளாஸ்டிக் கவரோடு பெஞ்சில்.
பிறப்புச் சான்றில் கெஜலட்சுமி,
பள்ளியில் கஜலட்சுமி,
ஆதாரில் கஜலெக்ஷ்மி.
தோல் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சேர்ந்த
பி.எஃப். பணத்தை எடுக்க
இந்த மூவரும் ஒருவரே என்று
எழுதித் தர வேண்டும்.

ரிச்சி தெரு இம்தியாஸுக்குப் போன் போட்டேன்.
'ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா, அரை மணி நேரம்.'
'உள்ள இருக்கறது?'
'அது போயிடும்.'
பிறகு, என்றேன். பழக்கம்.

ரீசார்ஜ் கடைப் பையனின் லேப்டாப்பில்
காசு கேட்காத ஒரு சிஸ்டத்தை
பென்டிரைவில் இறக்கிச் சொருகினேன்.
எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி
எட்டாவது தட்டில் திறந்தது.
என் கம்ப்யூட்டரில்
நான் பார்த்தறியாத ஊதா.
சாவி தொலைந்த நாளில்
பக்கத்து மாடியேறி
ஜன்னல் வழியே
என் குக்கரை நானே பார்த்தது ஞாபகம் வந்தது.
எல்லாம் அங்கேயேதான் இருந்தது.
புதிய ஃபோல்டர். புதிய ஃபோல்டர் இரண்டு.
கடைசி. கடைசி கடைசி.
இதுதான் கடைசி.
வக்கீல் பாக்கி.

கஜலட்சுமியின் ஃபைல் திறந்தது.
அதில் தமிழ் இல்லை.
நான் அடித்தது பழைய ஃபான்ட்டில்;
இந்தப் புது ஆளுக்கு அதைத் தெரியாது.
எழுத்துகளின் தலையில் இருந்த புள்ளியெல்லாம்
கீழே இறங்கி
அரைப்புள்ளியாய்ப் பக்கத்தில் நின்றன.
'இவை அனைத்தும் மெய் என உறுதி கூறுகிறேன்.'
மெய் இருந்த இடத்தில்
மூன்று இங்கிலீஷ் எழுத்து, ஓர் அரைப்புள்ளி.

அவள் எட்டிப் பார்த்தாள்.
'இது என்னா பாஷை?'
'உங்க பேருதான்.'
'நாலாவதா?'
ஏகாம்பரம் சிரிக்கவில்லை.
நோட்டரி ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்.

ஃபான்ட் கிடைத்தது,
மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும்
யாருடையதோ கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில்,
அறுபது கேபி.
போட்டதும் புள்ளிகள் ஏறின.
அவள் விரலை வைத்து
மூன்று பேரையும் எண்ணினாள்.

பிரின்டரை மட்டும் அது மதிக்கவில்லை.
பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு
நான் பேசாத ஜோதி ஜெராக்ஸுக்கே ஓடினேன்.
பக்கம் பத்து ரூபாய் வாங்கினான்.
பன்னிரண்டே முக்காலுக்கு
முத்திரை விழுந்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும்
வெளியே எடுத்து வைத்தபின்
இம்தியாஸ் சொன்னபடியே அடித்தேன், ஃபார்மட்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
எட்டே காலுக்கு அது எழுந்து
வணக்கம் சொல்லி
உங்கள் பெயர் என்ன என்றது.

ஞானஸ்நானத்தில் மரிய ஸ்டெல்லா.
ரேஷன் கார்டில் ஸ்டெலா, ஒரு ல.
மாமியார் வீட்டில் செல்வி.
கோர்ட்டு வாசலில் டைப்பிங் அக்கா.

கோடு இமைத்தது.
'பிறகு' என்ற பொத்தானைத் தேடினேன்.
இந்த முறை
அதை வைக்கவில்லை.